டிவிடெண்ட் இல்லாத இரண்டாம் வருஷம்

மார்ச் 6

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலமா என்று கேட்க இந்தத் தடவை கை வரவில்லை. கம்பெனியின் கடிதம் நேற்று வந்தது. 'இவ்வாண்டும் டிவிடெண்ட் பரிந்துரைக்கப்படவில்லை.' கீழே உன் கையெழுத்து. கூடப் பிறந்தவளுக்கு ஒரு போன் போட்டுச் சொல்லியிருக்கலாம்.

அப்பா தன் மரச்சாமான் கடையைக் கம்பெனியாக்கிப் பங்குச் சந்தைக்குக் கொண்டுபோன நாள் முதல் ஒரு வருஷம்கூட டிவிடெண்ட் நின்றதில்லை. லாபத்தில் பாதி கடைக்கு, பாதி பங்குதாரர்களுக்கு. குடோன் எரிந்த வருஷம்கூடக் கொடுத்தார். நீ தலைவரானதும் அதைப் பாதியாக்கினாய். போன வருஷம் சுத்தமாக நிறுத்தினாய். இந்த வருஷமும் கையை விரித்துவிட்டாய். உன் சம்பளம் மட்டும் ஏறிக்கொண்டே போகிறது.

எனக்காகக் கேட்கவில்லை. பல் ஆஸ்பத்திரி வரவேற்பு மேசையில் எனக்கு வேலை இருக்கிறது. நம் தம்பி சின்னவனுக்காகக் கேட்கிறேன். நீ ஏறச் சொன்ன ஏணியிலிருந்து விழுந்தவன் அவன். அலமாரியும் அவனும் சேர்ந்து விழுந்தார்கள். அலமாரியை மட்டும் சரிபண்ணி விற்றுவிட்டாய். பகலில் அவனைத் தூக்கி உட்கார வைக்கும் ஆளுக்கு அவனுடைய டிவிடெண்டிலிருந்துதான் சம்பளம் போனது. ஒரு வருஷம் என் சம்பளத்தைப் போட்டுச் சமாளித்தேன், போன மாதம் அந்த ஆளை நிறுத்திவிட்டேன். இப்போது சாப்பாட்டு நேரத்தில் நானே ஓடி வந்து அவனைப் புரட்டிப் படுக்க வைத்துவிட்டுத் திரும்ப ஓடுகிறேன்.

உன் தங்கை


மார்ச் 19

அன்புத் தங்கைக்கு,

நீ எழுதியதைப் படித்தேன். ஏணிக் கதையை ஒவ்வொரு தடவையும் என் மேல் எறியாதே.

ஜனங்கள் போனில் படம் பார்த்துக் கட்டில் வாங்கும் காலம் இது. வெளியூர்க்காரன் மறுநாளே வீட்டு வாசலில் இறக்குகிறான். நாம் லாரியும் குடோனும் வாங்காவிட்டால் கடையை இழுத்து மூட வேண்டியதுதான். லாபத்தைப் பங்கு போட்டுக் கொடுத்துக்கொண்டே இருந்தால் எதை வைத்து வாங்குவது? குடோன் எரிந்த வருஷத்தை நீ பெருமையாகச் சொல்கிறாய். அந்த வருஷ டிவிடெண்டை அப்பா வங்கியில் கடன் வாங்கிக் கொடுத்தார், நாலு பேர் மெச்ச வேண்டும் என்று. அந்தக் கடனை அடைத்தவன் நான்.

சின்னவனுடைய ஆளுக்கான சம்பளத்தை என் கைக்காசிலிருந்து மாதாமாதம் அனுப்பிவிடுகிறேன். மே மாதக் கூட்டத்தில் என்னை மறுபடி தலைவராக்க ஓட்டெடுப்பு இருக்கிறது. உன் ஓட்டையும் அவன் ஓட்டையும் என் பெயருக்கு எழுதிக் கொடுத்துவிடு. வீட்டு விஷயம் வீட்டோடு முடியும்.

உன் அண்ணன்


ஏப்ரல் 2

அண்ணா,

அவன் பங்குக்கு உரியதை நிறுத்திவிட்டு, அதையே உன் தர்மமாக அனுப்புகிறேன் என்கிறாய். இன்றைக்கு மனம் இருந்தால் வரும், நாளைக்கு நான் முகம் சுளித்தால் நின்றுபோகும். அந்தக் காசு வேண்டாம்.

அப்பா கடன் வாங்கியது எனக்குத் தெரியாது. அது தப்புதான். ஆனால் அந்த வருஷம் அவர் ஒரு ரூபாய் சம்பளம் எடுக்கவில்லை என்பது உனக்கும் தெரியும். அந்தப் பாதியை மட்டும் நீ மறந்துவிட்டாய்.

ஓட்டு உனக்கு எதிராகத்தான். வெளிப் பங்குதாரர்களில் பாதிப் பேர் உன் மேல் கடுப்பில் இருக்கிறார்கள். அவர்களோடு எங்கள் இருவர் ஓட்டும் சேர்ந்தால் நீ அந்த நாற்காலியில் இருக்க மாட்டாய்.

தங்கை


ஏப்ரல் 11

உன்னால் ஆனதைப் பார். கம்பெனி நடத்துவது பல் ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுப்பது போல இல்லை.

அண்ணன்


ஜூன் 20

அன்புத் தங்கைக்கு,

கூட்டம் முடிந்து மூன்று வாரமாகிறது. உன்னிடமிருந்து தகவல் இல்லை. ஜெயித்தவன் என்ற முறையில் இல்லாமல் அண்ணனாகவே எழுதுகிறேன். சின்னவனைத் திட்டாதே. நான் அவனை மிரட்டவும் இல்லை, ஏமாற்றவும் இல்லை. மனதறிந்துதான் தன் ஓட்டை எனக்குக் கொடுத்தான். புது குடோனின் திறப்பு முடியட்டும், ஒரு நாள் வந்து உங்கள் இருவரையும் பார்க்கிறேன்.

உன் அண்ணன்


ஜூன் 27

தலைவர் அவர்களுக்கு,

கூட்டத்தில் நான் இரண்டு பேர் ஓட்டையும் போட எழுந்தபோது உங்கள் செயலாளர் சொன்னார். "உங்க தம்பி ஓட்டு ஏற்கெனவே வந்துருச்சும்மா. தலைவர் பேருக்கே எழுதிக் கொடுத்துட்டாரு." அத்தனை பேர் முன்னால் அசடு வழிந்து நின்றேன். நீங்கள் மேடையில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தீர்கள்.

வீட்டுக்கு வந்து அவனைக் கேட்டேன்.

"அண்ணன் எப்ப வந்தான்?"

"செவ்வாய்க்கிழமை. நீ வேலைக்குப் போயிருந்த. எனக்கு ஷேவ் பண்ணி விட்டான்."

"எதுல கையெழுத்துப் போட்டன்னு தெரியுமா?"

"படிச்சுத்தான் போட்டேன்."

"தெரிஞ்சுமா போட்ட?"

"விழுந்ததுக்கு அப்புறம் அவன் வந்ததே இல்லக்கா. வந்து உக்காந்து இவ்வளவு நேரம் பேசிட்டு ஒண்ணு கேக்குறான். எப்படி மாட்டேன்னு சொல்றது? அடுத்த வாரமும் வர்றேன்னு சொல்லியிருக்கான்" என்றான்.

நான் அவனைத் திட்டவில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு செவ்வாயும் சட்டை மாற்றிவிடச் சொன்னான். வாசலைப் பார்த்தபடி நாற்காலியைத் திருப்பி வைக்கச் சொன்னான். மதியம் நான் வந்ததும், "படுக்க வச்சிரு" என்பான். போன செவ்வாய் சட்டை மாற்ற வேண்டாம் என்றுவிட்டான்.

என் பங்குகளைச் சந்தையில் விற்றுவிட்டேன். டிவிடெண்ட் இல்லாத பங்குக்கு என்ன விலை கிடைக்கும் என்று உங்களுக்கே தெரியும். கிடைத்ததை வைத்துப் பழைய ஆளைத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டேன்.

அவன் பங்குகளையும் விற்றுவிடலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்றான். அடுத்த வருஷக் கூட்டத்துக்குத் தானே நேரில் வருகிறானாம், முன் வரிசையில் உட்கார வேண்டுமாம்.

"அங்க எதுக்குடா?" என்றேன்.

"மேடையில இருந்து அவன் எந்திரிச்சுப் போக முடியாதுல்லக்கா" என்றான்.

படிக்கட்டு இல்லாத மண்டபமாகப் பாருங்கள். அதுவரை இந்த வீட்டுக்குக் கடிதம் எழுத வேண்டாம்.

இப்படிக்கு,
பங்குதாரர் ஒருவரின் அக்கா