எதிர்ப்பக்கத்துக்கு ஒரு பத்தி

இன்று தபாலில் ஒரு தடித்த உறை வந்தது. பிரித்ததும் ஈரக் காகிதமும் பசையும் கலந்த பழைய வாசனை. நம் சட்டக் கல்லூரி மாணவர் ஆய்விதழில் சேர இந்த வருடம் விண்ணப்பித்திருப்பவர்களின் கட்டுரைகள். பெயர் இருந்த இடத்தில் வெள்ளைத் தாளை ஒட்டி, மேலே எண் மட்டும் எழுதியிருக்கிறார்கள். இதழில் முன்பு இருந்தவள் என்பதால் படித்துக் கருத்துச் சொல்லும்படி கேட்டிருக்கிறார்கள். உன்னிடம் வந்திருக்க வேண்டியது.

நாம் விண்ணப்பித்தபோது நம் வகுப்புக்கு இருந்தது ஒரே ஓர் இடம். இதழை நடத்துவதும் மாணவர்கள், ஆள் எடுப்பதும் மாணவர்கள். ஒரு கற்பனை வழக்கைக் கொடுத்துக் கட்டுரை எழுதச் சொன்னார்கள். அந்த வழக்கோ நம் ஊரிலிருந்து எடுத்துக்கொண்டு போனது போலிருந்தது. பிறருடைய விளையில், அதாவது தோட்ட நிலத்தில், குடிசை போட்டு வாழ்கிறாள் ஒரு தாய். வேறு நிலமில்லாதவர்களுக்குக் குடிசையைச் சுற்றிப் பத்து சென்ட் சொந்தமாக்கித் தருகிறது சட்டம். மகன் கல்ஃபில் சம்பாதித்துத் தன் பெயரில் நிலம் வாங்கிவிட்டான். இனி அந்தத் தாய்க்குக் குடிசை நிற்கும் பத்து சென்ட் சொந்தமாகுமா, ஆகாதா?

பனச்சமூட்டில் பஸ் ஏறியதுமே நீ சிரித்தாய்.

"எட்டி, இது எனக்க அம்மைக்க கேஸ் ஆக்கும். அண்ணன் பிளேன் ஏறுததுக்கு முன்னே எங்களுக்குக் கிடைச்சுப் போச்சு. இல்லெங்கி நாங்களும் கோர்ட்டு வாசல்ல நிப்போம்."

உன் அம்மைக்குச் சட்டப்படி போன அந்தப் பத்து சென்ட் என் அப்பாவின் விளை. ஒரே பஸ்ஸில் அருகருகே உட்கார்ந்து போய்வந்தும் அதுவரை நாம் அதைப் பேசியதில்லை.

எனக்கு இதழில் அந்த இடம் கிடைத்தால் மகிழ்ச்சி, அவ்வளவுதான். உனக்கு அப்படியில்லை. உன் படிப்புச் செலவைப் பார்த்துக்கொண்ட அண்ணன் விடுமுறையில் வந்திருந்தார். திரும்புவதற்குள் உன் கல்யாணத்தை முடித்துவிட வேண்டும் என்று நின்றார். அன்று நானும் உன் வீட்டில் இருந்தேன்.

"இதிலே சேந்தா சம்பளம் உண்டா, பிள்ளே?"

"இல்ல அண்ணா."

"ஸார்மாரு ஆக்குமா ஆளு எடுக்குதது?"

"இல்ல, படிக்குத பிள்ளைகளே எடுக்கும்."

"பிள்ளைகளே எழுதி, பிள்ளைகளே எடுத்து, பிள்ளைகளே வாசிக்கும். கொள்ளாம்! சின்னதுல நீங்க கூட்டாஞ்சோறு வச்சது இதுபோலத்தான்."

உன் அம்மை சிரிப்பை அடக்கிக்கொண்டு அவித்த மரச்சீனிக் கிழங்குத் தட்டை என் பக்கம் நகர்த்தினாள். நீ சிரிக்கவில்லை.

"பேரு தெரியாம எடுக்குதாவ, அண்ணா. நான் ஆரு, எந்த வீடு எண்ணு ஒண்ணும் தெரியாம. அப்படி என்னை எடுத்தா, நான் படிச்சு முடிப்பேன். எடுக்கல்லேங்கி, நீ சொல்லுத ஆளுக்குக் கழுத்தை நீட்டுதேன்."

அவர் தட்டிலிருந்து ஒரு துண்டு கிழங்கை எடுத்துக்கொண்டு, "செரி" என்றார்.

மறுநாள் பஸ்ஸில் நீ கேட்டதை நான் எதிர்பார்க்கவில்லை. "அந்த விளை போனதப் பற்றி உனக்க அப்பா வீட்டிலே என்ன சொல்லுவாவ? ஒளிக்காம சொல்லு."

"கேட்டா உனக்கு சங்கடமா இருக்கும்."

"இருக்கட்டு. எதிர்ப்பக்கக்காரன் நம்ம எழுத்தைப் படிச்சா, 'இது நான் சொன்னதாக்கும்' எண்ணு தலையாட்டணும். பெறவுதான் அவனைத் தோக்கடிக்கணும்."

சொன்னேன். நிலம் போனதைவிட, தன்னிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பதுதான் அப்பாவுக்கு வலி. "கேட்டிருந்தா நானே கொடுத்திருப்பேனே" என்பார்.

பஸ் நெய்யாற்றின்கரையில் நின்றது. நீ என் பக்கம் திரும்பி, "கேட்டா கொடுத்திருப்பாவளா?" என்றாய்.

"தெரியாது."

"இனி எனக்க பக்கத்தையும் கேளு. அது கிடைக்குததுக்கு முன்னே, ஒரு முருங்கைக் கம்பு நடணுமெங்கிலும் அம்மை உங்க முற்றத்துல வந்து கேட்டு நிக்கணும். ஆரிட்டயும் கேக்காம ஒண்ணு நடணும். அதாக்கும் அவளுக்க ஆசை."

ஒரே இடத்துக்குப் போட்டியிட்ட இருவர் அப்படி ஒருவருக்கொருவர் வாதத்தை எடுத்துக்கொடுத்தோம். போட்டி என்ற நினைவே எனக்கு அப்போது வரவில்லை.

கட்டுரைகளுக்கு மதிப்பெண் போட்டு முடித்த பிறகு, வேலைக்கு நேரம் ஒதுக்க முடியுமா என்று பார்க்க மட்டும் வைத்த நேர்காணலில் மூத்த மாணவர் ஒருவர் உன்னிடம், "புரூஃப் பார்க்க அச்சகத்தில் பொழுது சாயும். உன் ஊருக்குப் பஸ் போய்விடுமே?" என்றாராம்.

"பஸ்ஸிலே நானும் போவேன், புரூஃபும் வரும். காலையிலே ரெண்டுபேரும் இங்க இருப்போம்."

அறையில் எல்லோரும் சிரித்தார்கள் என்று வெளியே வந்து சொன்னாய், நகத்தைக் கடித்துக்கொண்டே.

அறிவிப்புப் பலகையில் உன் எண் இருந்தது. என்னுடையது இல்லை. நீ என் கையைப் பிடித்துக்கொண்டாய். மகிழ்ச்சியைக் காட்டாமலிருக்க நீ பட்ட பாட்டைப் பார்த்து எனக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. உன் அண்ணன் மாப்பிள்ளை வீட்டாருக்கு வேண்டாமென்று சொல்லி அனுப்பிவிட்டு விமானம் ஏறினார். அடுத்த வருடம் விண்ணப்பிக்க என்னை இழுத்துக்கொண்டு போனவளும் நீதான். அந்த முறை பலகையில் என் எண்ணும் இருந்தது.

உன் கட்டுரை அச்சில் வந்ததும் வீட்டுக்குக் கொண்டு போனேன். அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு மெதுவாகப் படித்தார். நடுவே ஓரிடத்தில் தலையாட்டினார். "இது நான் சொன்னதுதானே, மக்கா? ஆரு எழுதினது?" சொன்னேன். முகம் மாறியது, ஆனால் இதழைக் கீழே வைக்கவில்லை. கடைசிப் பக்கத்தை மூடியபோது, "நல்லாத் தோக்கடிச்சிருக்கா" என்றார். நீ அதைக் கேட்டு அன்று பஸ்ஸில் வழி முழுவதும் சிரித்துக்கொண்டே வந்தாய்.

வக்கீலாகப் பதிந்த முதல் மழைக்காலத்திலேயே மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோனது. அதைப் பற்றி எழுத எனக்கு இன்னும் வாக்கியம் கிடைக்கவில்லை. அப்பா அன்று உன் வீட்டு முற்றத்தில் கடைசி ஆள் போகும் வரை நின்றார். அந்தப் பத்து சென்ட் கைவிட்டுப் போன பிறகு அவர் அதில் கால் வைத்தது அதுவே முதல் தடவை. அதற்குப் பிறகு, உன் அம்மை அங்கே நட்ட முருங்கை காய்க்கும் காலத்தில் அவரே போய், "ரெண்டு காய் எடுக்கட்டா?" என்று உன் அம்மையிடம் கேட்டு வாங்கி வருகிறார்.

இந்தக் கட்டுரைகளில் பல சுத்தமானவை. அடிக்குறிப்பில் பிழையில்லை, ஆங்கிலம் வழுக்கிக்கொண்டு போகிறது. ஆனால் எதிர்ப்பக்கத்தை ஒரு வரியில் தள்ளிவிட்டுப் போகிறார்கள். ஒன்று மட்டும் வேறாக இருக்கிறது. அடிக்குறிப்புகள் தாறுமாறு. நடுவே, தான் தோற்கடிக்கப்போகிறவனுக்காக ஒரு முழுப் பத்தி. படிக்கப் படிக்க என் தலை தானாக ஆடியது.

யார், எந்த வீடு, தெரியாது. அடுக்கில் அதை மேலே எடுத்து வைத்திருக்கிறேன்.