பத்து ஆணியும் உமது நூறாண்டும்

ஒரு பாட்டனுக்கு விலை இரண்டு பணம். அவ்விலைக்கு இருபது பாட்டன்மாரைப் பாணரிடம் வாங்கி, ஆளுக்கு நூறாண்டு ஆயுள் ஏற்றி, ஈராயிரம் ஆண்டுப் பழங்குடி எனப் பெயர்கொண்ட கயல்துறைக் கோட்டத்துத் தலைவர் மாறங்காரியாருக்கு, வெண்கோட்டுப் பேரரசர் நெடுவேலாதித்தர் திருவாய் மலர்ந்தபடி, உப்பு வணிகர் தெருவில் பிறந்து ஓலைநாயகமான சாத்தன் கண்ணந்தை விடுக்கும் ஓலை. உமது ஆறு வற்றாதிருக்க; உமது கோட்டைக் கதவு கரையான் காணாதிருக்க.

இருநூற்றுப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் உமது துறையில் தோணி கவிழ்ந்து இளவரசர் ஒருவர் மாண்டார். தோணி ஓட்டிய கொற்றனின் வழியினர் ஏழு தலைமுறை கூலியின்றித் துடுப்பு வலிக்க என்று அன்றைய மன்னர் தண்டம் விதித்தார். அது முடிந்ததா என்று பேரரசர் வினவ, மனிதனுக்கு ஆயுள் நூறு, ஆகவே கழிந்தவை இரண்டே தலைமுறை, இன்னும் ஐந்து உள என்று எழுதி அனுப்பினீர். நூறாண்டு வாழ்க என்று எல்லாரும்தான் வாழ்த்துகிறோம். வாழ்த்தை வைத்து வயதைக் கணக்கிட்டவர் நீர் ஒருவரே.

இவ்வோலை எழுதும் யாமே நேரில் வந்தோம். எம்மை அக்கரை சேர்த்தவள் கொற்றன் வழிவந்த பூதி, நிறைமாதக்காரி. உமது கணக்கைச் சொன்னதும் சிரித்தாள். இத்துறையில் நூறு கண்டது படித்துறை ஆமை ஒன்றுதான், அதுவும் துடுப்பு வலிக்காததால் பிழைத்தது என்றாள். தன் தாய் முப்பத்தாறில் போனதைச் சொன்னபோது சிரிக்கவில்லை.

அவ்வழியில் மூத்த பிள்ளை முதன்முதல் துடுப்பைத் தொடும் நாளில், தோணியைக் கயிற்றால் பிணைக்கும் தறியில் ஒரு செப்பாணி அறைவது வழக்கம். அவை அழகுக்கு அடித்தவை என்றார் உமது கணக்கர். யாம் விரல் வைத்து எண்ணினோம். பத்து. அடியாணி கொற்றன் மகனுடையது, மேலாணி பூதியுடையது.

உமது தந்தையார் ஐம்பத்தெட்டில் மறைந்து ஒன்பது ஆண்டாகிறது. தலைமுறைக்கு நூறாண்டே அளவாயின், அவர் தலைமுறையில் இன்னும் முப்பத்து மூன்று ஆண்டு மிச்சம். அதற்குள் அவர் இருக்கையில் நீர் அமர்ந்தது எப்படி? கொள்ள ஒரு மரக்கால், கொடுக்க ஒரு மரக்கால் வைத்திருந்தவனை எம் தெருவில் கழுதைமேல் ஏற்றுவார்கள். தலைமுறைக்கு இருபது ஆண்டு என்று கணக்கைத் திருத்தினால் உமது ஈராயிரம் ஆண்டு நானூறாய்ச் சுருங்கிவிடும் என்பதே உமது அச்சம். அந்தப் பெருமைக்காகப் பிறர் பிள்ளைகள் தண்ணீரில் கிழவராகாமலே செத்தார்கள்.

ஆதலின், ஓலை கண்ட அன்றே, பூதி பிள்ளை பெறுமுன், அத்தறியருகே ஊரறிய அவ்வழியினரை விடுவிக்க. பதினோராம் ஆணி அறையப்படலாகாது. மறுப்பீராயின் உமது நூறாண்டு அளவே உமக்கும் செல்லும். முப்பத்து மூன்று ஆண்டுக்கு இருக்கையை விட்டு இறங்குக. இது அரசாணை, வெண்கோட்டு முத்திரை அரக்கில் பதிந்தது.

விதித்தது ஏழு. வலித்தது பத்து. மிகுதி மூன்று தலைமுறை. திருப்பிக் கொடுக்க அரசரிடமும் இல்லை, நிலுவை என்றே எழுதினோம்.