தொடங்கிய எழுத்திலேயே முடிகிற வரிசை

ஐப்பசி, செவ்வாய் இரவு. தஞ்சாவூரில் விடாத மழை.

ஈராக்கை விட்டுச் சிதறிப்போன மாண்டேயர் என்ற சிறு இனத்தாரின் எழுத்துகளுக்குக் கணினி எழுத்துரு செய்துகொண்டிருக்கிறேன். அவர்களுடைய நெடுங்கணக்கில் முதல் எழுத்தான ஹல்கா கடைசியிலும் இருந்தது. யூனிகோடில் இரண்டுக்கும் ஒரே எண்தான். யாரோ தெரியாமல் இரண்டு தடவை போட்டிருக்கிறார்கள் என்று கடைசியைத் தூக்கிவிட்டேன்.

இன்று, நான் அனுப்பிய மாதிரிப் பட்டியலைப் பார்த்துவிட்டு, சிட்னியிலிருந்து அந்த இனத்துப் பெண் ஒருவர் மெயில் அனுப்பியிருந்தார். அது பிழையில்லையாம். முதல் எழுத்துக்கே திரும்பி வந்தால்தான் வரிசை நிறையுமாம். திரும்பச் சேர்த்தேன். என் மேலேயே எரிச்சல்.

அந்த நேரம் பார்த்து தோஹாவிலிருந்து என் மனைவி கமலா கூப்பிட்டாள். அங்கே நர்ஸ் வேலை.

"சாப்டீங்களா?"

ஆச்சு என்று பொய் சொன்னேன். ஏதேதோ பேசினோம். வைக்கும்போது, எப்போதும்போல, மறுபடியும் "சாப்டீங்களா?"

"அதான் முதல்லயே கேட்டுட்டியே, எத்தன தடவ கேப்ப?" என்று கத்திவிட்டேன்.

"சரிங்க" என்று சொல்லி வைத்துவிட்டாள். அவள் இதுவரை அப்படி வைத்ததே இல்லை.

இப்போது டியூட்டியில் இருப்பாள். 'இன்னும் சாப்பிடல கமலா' என்று வாட்ஸப்பில் அனுப்பியிருக்கிறேன்.

ஒரு டிக்தான் விழுந்திருக்கிறது.