பாலைமரத்து ஆணி

1953 மே 4, திங்கள்

இதனால் சகலருக்கும் அறிவிப்பது: எங்கள் வீட்டுச் சேவல் இன்று ஏழேகால் மணிக்குத்தான் கூவியது. காரணம் விசாரணையில். (கூட்டைச் சாக்கால் மூடியவன்தான் விசாரணை அதிகாரி.)

வெயில் தாங்கவில்லை. பள்ளிக்கூடம் லீவு. உபதேசியாரான அப்பா ஜெபக்கூட்டத்துக்கு அருமனை போய்விட்டார். நானும் கூட்டாளி மணியும் முதலாளி தோப்புக்கு.

திற்பரப்பு அருவிக்குக் குளிக்க வருகிறவர்களை நம்பி முதலாளி தோப்பில் போட்டவை: மரக்குதிரை ராட்டினம் 1, கையால் சுற்றும் தொட்டில் ராட்டினம் 1, ஊஞ்சல் 3. இனி, இரும்பு ராட்டினம். எண்ணெய் என்ஜின். பன்னிரண்டு நாற்காலி. இதுவரை தொட்டிலில் குழந்தையாய் ஏறின ஊர் இனி நாற்காலியில் தாசில்தாராய் ஏறும்.

தொட்டிலைத் தள்ளிச் சுற்றியவர் தங்கையன் அண்ணன். புது என்ஜினும் அவர் பொறுப்பு. பழசைக் கழற்றி, நாலு தொட்டிலையும் பாலைமரத்தடியில் போட்டார்கள். காற்றே இல்லை. ஒரு தொட்டில் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. மணி, தான் பார்க்கவில்லை என்கிறான்.

மே 5, செவ்வாய்

புது ராட்டினத்துக்கு இடம் போதவில்லை. வேலியைத் தள்ளிப் போட்டும் பாலைமரம் குறுக்கே.

அதில் ஏழு ஆணி. எந்தக் காலத்திலோ இசக்கி என்ற பெண்பேயை மரத்தோடு அறைந்து நிறுத்திய ஆணிகளாம். ஒன்று போனாலும் இறங்கிவிடுவாள், சின்னப் பிள்ளையைத்தான் முதலில் பிடிப்பாள் என்று ஊர்ப் பேச்சு. வெட்ட ஆள் இல்லை.

"நீங்க கோடாலிய எடுங்க மொதலாளி, நாங்க தள்ளி நின்னு பாக்கோம்" என்றார் ஒருவர்.

முதலாளி எடுக்கவில்லை. ராட்டினத்தையே நாலடி தள்ளி நட்டார்கள். உச்சிக்குப் போகும் நாற்காலியில் இருந்து கை நீட்டினால் பாலைக் கொப்பு.

மணி சீண்டினான். "உபதேசியாருக்க பிள்ளைக்குப் பேயே கிடையாதாக்கும்? ஒரு ஆணியப் பிடுங்கிட்டு வாலே, பாப்பம்."

"நாளைக்கு உச்சிக்கு உனக்க கையில இருக்கும்லே."

மே 6, புதன்

வெற்றி. உச்சிவேளை. வேலையாட்கள் எல்லாம் சாப்பாட்டுக்குப் போனபின் தனியாகப் போனேன். ஆணி ஒரு சாண் நீளம், முழுக்கத் துரு. ஒரே இழுப்பு. மணி வாயை மூட வெகுநேரம் ஆயிற்று. யாரிடமும் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கினேன். ஆணி ஒன்று போனது தெரியும், பிடுங்கினவன் தெரியாது என்கிற அளவுக்குச் சத்தியத்தைக் காப்பாற்றினான். சாயங்காலத்துக்குள் அருவி வரை செய்தி. மரத்தடிக்குப் போய் எண்ணிப் பார்க்க ஒருவருக்கும் தைரியம் இல்லை. ஹா!

செய்தி பரவும் முன்பே வெள்ளோட்டம் முடிந்தது. முதலில் மணல் மூட்டைகள். பிறகு, தங்கையன் அண்ணனின் மகள் செல்லம்மா, ஆறு வயது. உச்சியில் கை நீட்டிப் பாலை இலை ஒன்றைப் பறித்தாள். என்ன சிரிப்பு.

மே 7, வியாழன்

மேகம். மழை இல்லை.

செல்லம்மாவுக்கு நேற்று ராத்திரி முதல் காய்ச்சல். கண்ணைச் சொருகிக்கொண்டு நடுங்குகிறாளாம். தங்கையன் அண்ணன் என்ஜினைத் தொட மாட்டேன் என்றுவிட்டார். ராட்டினம் நிற்கிறது.

மந்திரவாதி வந்தான். நாளை வெள்ளி. காலை முதல் பிள்ளையைத் தண்ணீர்கூடக் கொடுக்காமல் மரத்தடியில் இருத்த வேண்டும். உச்சிக்கு ஆணியை அதே இடத்தில் அறைய வேண்டும் என்றான்.

அண்ணனும் மனைவியும் பேசியது, அவர்கள் வீட்டு வாசலில் நின்று கேட்டேன்:

"ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவோம். பிள்ளை நெருப்பாக் கொதிக்கா."

"ஊசி போட்டா இசக்கி இறங்குவாளாட்டி?"

வீட்டில் அம்மா திடீரென்று, "பாலைப்பூ மணம் வருதே, உனக்கு வருதா?" இது பூக்கிற மாசமே இல்லை. வரவில்லை என்றேன். வந்தது.



மே 8, வெள்ளி

விடிந்ததும் தங்கையன் அண்ணன் வீடு. மணியும் கூட வந்தான். செல்லம்மாவின் உதடு வெடித்திருந்தது. அவர் அவளைத் தோளில் போட்டு மரத்தடிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். ஆணியை அவர் காலடியில் வைத்தேன்.

"நீயாலே பிடுங்கினது?" கை ஓங்கினார்.

"பிடுங்கல்ல அண்ணே. கொல்லன் பட்டறைக் குப்பையில எடுத்தது. மரத்துகிட்ட நான் போகவே இல்ல. வேலிகிட்ட போனதும் கால் நின்னு போச்சு."

"பேடிப்பயலே!" என்றான் மணி.

"சத்தியமா?" என்றார் அண்ணன்.

"அப்பாக்க வேதபுஸ்தகத்து மேல சத்தியம். ஏழும் அங்கதான் இருக்கும். எண்ணிப் பாருங்க."

பிள்ளையை அவள் அம்மா கையில் கொடுத்துவிட்டுப் போனார். பின்னாலேயே போய் நான் வேலிக்கு இப்பால் நின்றேன். மரத்தைச் சுற்றிச் சுற்றித் தடவினார். ஒரு இடத்தில் கை வெகுநேரம் நின்றது. திரும்பி வந்து பிள்ளையை வாங்கிக்கொண்டு மனைவியோடு நேரே பஸ்ஸுக்கு நடந்தார், ஆஸ்பத்திரிக்கு. பின்னால் ஓடினேன்.

"ஏழும் இருந்துதா அண்ணே?"

"நீ வந்து எண்ணியிருக்கலாமேடே."

புதன்கிழமை ஆணி பிடுங்கியதாக எழுதியது முழுப் பொய். மணி இந்த நோட்டைத் திருடிப் படிப்பான் என்பதற்காக எழுதினது.

மே 10, ஞாயிறு

மழை தூறல். வேதக்கோயிலில் அப்பாவின் பிரசங்கம், பொய் நாவைப் பற்றி. யார் சொன்னார்களோ.

செல்லம்மா கஞ்சி குடித்தாளாம். குளிர்காய்ச்சல்தான், மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். மனைவியை ஆஸ்பத்திரியில் பிள்ளையோடு விட்டுவிட்டு அண்ணன் மத்தியானம் திரும்பி வந்து என்ஜினைக் கிளப்பினார். அருவியில் இருந்து ஈரத்தலையோடு கூட்டம். எல்லா நாற்காலியும் நிரம்பியது. கொப்பருகே வரும்போது மட்டும் எல்லோரும் கையை மடியில் வைத்துக்கொள்கிறார்கள்.

அண்ணன் என்னைப் பார்த்துவிட்டார். "வாலே மக்கா, ஒரு சுற்று ஏறு." ஊரே பார்த்தது. மணியும்.

வயிறு சரியில்லை என்றேன்.

வயிறு நன்றாகத்தான் இருக்கிறது.