ரயிலில் போய் முந்தினேன்

என்னங்க, நலமா? அத்தைக்கு முட்டிவலி குறைந்ததா? நான் சுகம். சளியில் காது மட்டும் அடைத்திருந்தது, பயப்பட வேண்டாம்.

நான் வேலை பார்க்கும் ஊருக்குப் பக்கத்து நகர மருத்துவமனையில் டயாலிசிஸ் இயந்திரம் பழுது. பழுது பார்க்க எப்போதும் விமானத்தில்தான் போவேன். காது அடைப்போடு பறக்கக் கூடாதென்று டாக்டர் சொன்னதால் ரயிலேறினேன். எங்கள் மேலாளர் அதே நேரம் கிளம்பி விமானத்தில் வந்தார். யார் முந்துவோம் என்று எனக்கு ஒரே ஆவல்.

இரண்டு ஊருக்கும் நடுவே மேகம் மட்டும்தான் என்பதுபோல் இத்தனை நாள் பறந்திருக்கிறேன். இப்போதுதான் ஆற்றையும், செங்கல் சூளையையும், மாடியில் துணி உலர்த்தும் பெண்ணையும் பார்த்தேன். பக்கத்தில் இருந்த நர்ஸ் வேலைக் களைப்பில் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். எழுப்ப மனமில்லை. இறங்கும்வரை அசையாமல் இருந்தேன்.

ஸ்டேஷனுக்கு எதிரிலேயே மருத்துவமனை. இயந்திரம் ஓடத் தொடங்கிய பிறகுதான் மேலாளர் வந்தார்.

"பறந்தது கொஞ்ச நேரம்தாம்மா. செக்கிங், டாக்சின்னு உயிர் போச்சு. அடுத்த தடவை எனக்கும் ரயில்லயே டிக்கெட் போட்டுடு" என்றார்.

அத்தை காதுக்கு விடும் சொட்டு மருந்தின் பெயரை எழுதுங்கள். பாப்பா இன்னும் உங்கள் தோளில்தான் தூங்குகிறாளா? தூங்கியதும் கீழே கிடத்திவிடாதீர்கள், கொஞ்ச நேரம் வைத்திருங்கள்.

திரும்பும் வண்டி வந்துவிட்டது.

உங்கள்,
பாப்பாவின் அம்மா