அண்ணனின் நாடகமும் எர்த் இல்லாத ஆசிலோஸ்கோப்பும்

ஜூன் 3

நாடகக் குழுவுக்குப் புது உறுப்பினர். பழைய சாமான் கடையிலிருந்து அண்ணன் ஓர் ஆசிலோஸ்கோப்பைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறான். மின்னலையைப் பச்சைக் கோடாகக் காட்டும் இரும்புப் பெட்டி, என்னைவிட மூத்தது. அவன் எழுதிய நாடகத்தில் அண்ணிதான் விஞ்ஞானி. விஞ்ஞானிக்குப் பெட்டி வேண்டாமா?

பிளக் இல்லை. இரண்டு ஒயரையும் சீவி சாக்கெட்டில் நுழைத்து, தீக்குச்சியைச் சொருகி ஓட்டிவிட்டான். கோடு எரிந்தது. "பாத்தியா, உயிர் இருக்கு!" என்றான். யாருடைய உயிர் என்று நான் கேட்கவில்லை.

ஜூன் 5

பெட்டியைத் தொட்டேன். விரலில் எறும்பு ஊர்ந்தது. டெஸ்டர் வைத்தால் பளிச்சென்று எரிகிறது. மருத்துவமனைக் கருவிகளைச் சரிபார்ப்பதுதான் என் பிழைப்பு. ஆனால் ஒத்திகைக் கூடத்தில் நான் வெறும் தங்கச்சி. தங்கச்சிக்கு என்ன தெரியும்?

"பழசுன்னா கொஞ்சம் சுர்ருன்னுதான் இருக்கும். ஒயரை மாத்திச் சொருகு, சரியாயிடும்" என்றான் அண்ணன்.

மாற்றினேன். பாதி எறும்பு போயிற்று. சரியாயிடுச்சாம்.

ஜூன் 8

இன்று யார் எப்படிச் சொருகினார்களோ. அண்ணி பெட்டிமேல் கை வைத்ததும் உடம்பு உதறி, "அம்மா!" என்று அலறிப் பின்னால் விழுந்தார்.

அண்ணன் கைதட்டினான். சத்தியமாக. "இதான் நடிப்பு! நாளைக்கும் இதே மாதிரி பண்ணு!"

ஓடிப்போய் ஒயரைப் பிடுங்கினேன். "அது நடிப்பில்லடா, ஷாக்!"

"சின்ன ஷாக்தானே..."

சின்ன ஷாக்! அளவெடுத்துத் தைத்து வாங்கியிருக்கிறான்.

ஜூன் 9

அண்ணிக்கு இன்னும் கை மரத்திருக்கிறது. டம்ளரை இரண்டு கையாலும் பிடிக்கிறார். "விடு, சண்டை வேணாம்" என்கிறார். எதுக்கு விடணும்? யாருக்காக விடணும்?

ஜூன் 10

கேட்காமலேயே பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து திறந்தேன். உள்ளே ஓர் அருங்காட்சியகம். கசியும் கரண்டைத் தரைக்கு இறக்கும் எர்த் என்ற பேச்சே இல்லை. ஃபியூஸ், நியூட்ரல் பக்கம் — அதாவது ஃபியூஸ் போனாலும் உள்ளே கரண்ட் சட்டமாக உட்கார்ந்திருக்கும். மின்கம்பிக்கும் பெட்டிக்கும் நடுவே கசியும் கிழட்டுக் கெப்பாசிட்டர் ஒன்று. எறும்பு வளர்த்தவர் இவர்தான்.

அவரை வழியனுப்பினேன். மூன்று ஒயர் கேபிளும் பிளக்கும் போட்டேன். பெட்டியின் பெயின்ட்டைச் சுரண்டி, எர்த்தை உலோகத்தோடு போல்ட்டில் இறுக்கினேன். அதை மட்டும் சற்று நீளமாக விட்டேன். கேபிளை யாராவது இழுத்தாலும் அது கடைசியாகத்தான் அறும். கரண்ட் வரும் லைன் நேராக ஃபியூஸுக்கு, பிறகு சுவிட்சுக்கு. மீட்டர் வைத்துப் பார்த்தேன். தொட்டேன். வெறும் இரும்பு. என்ன சுகம்!

ஜூன் 12

சரிசெய்த பெட்டியோடு ஒத்திகை. "அந்த உதறல் எங்க? பழைய ஒயரையே போடு" என்றான் அண்ணன்.

"அன்னைக்கு அண்ணியோட ஒரு கைதான் பெட்டியில இருந்துச்சு. இன்னொரு கை மேடைக் கம்பியில இருந்திருந்தா, கரண்ட் நெஞ்சு வழியாப் போயிருக்கும். நீ கைதட்டியிருக்க மாட்ட. தூக்கிட்டு ஓடியிருப்ப."

 

அண்ணி குறுக்கே வந்தார். "கரண்ட் அடிச்சாத்தான் எனக்கு நடிப்பு வரும்னு நினைச்சீங்க, இல்ல?" ஸ்க்ரிப்டை அவன் மடியில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

ஜூன் 20

முதல் காட்சி. கூட்டம் பரவாயில்லை. ஸ்க்ரிப்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு அண்ணியும் வந்துவிட்டார்.

அண்ணி பெட்டியில் கை வைத்தார். உதறினார் பாருங்கள் — நானே ஒரு நொடி நம்பிவிட்டேன், அந்த எர்த்தை நானே முறுக்கியிருந்தும். நான் அசைவதற்குள், மேடையோரம் என் பக்கத்திலிருந்த அண்ணன் மேடைக்குள் பாய்ந்து, பிளக்கைப் பிடுங்கி, அண்ணியை வாரிக்கொண்டான். பச்சைக் கோடு போயிற்று. விஞ்ஞானியின் ஆய்வுக்கூடத்தில் லுங்கி கட்டிய ஓர் ஆள்.

"நடிச்சேங்க" என்றார் அண்ணி, மெதுவாக. மைக்கில் எல்லோருக்கும் கேட்டது.

கூட்டம் எழுந்து கைதட்டியது. நாடகத்திலேயே நல்ல இடம் அதுதானாம்.

ஜூன் 23

அண்ணன் தன் வீட்டு ஃபிரிட்ஜை இழுத்துப் போட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டான். "இதுல எர்த் இருக்கான்னு பாரேன்." அப்புறம் தண்ணீர் மோட்டார், இஸ்திரிப் பெட்டி. டார்ச்சும் அவனே பிடித்தான். உனக்கென்ன தெரியும் என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. அவன் உடம்புக்கு ஏதோ என்று பயந்துவிட்டேன்.

உதறல் காட்சியை நாடகத்திலிருந்து அடித்துவிட்டானாம். அண்ணி அதை மறுபடி சேர்த்து எழுதச் சொல்லியிருக்கிறார். எழுதிக்கொண்டிருக்கிறான்.