நான் எழுதிய ஐந்து கிலோமீட்டர்

டத்தோ கிராமாட், பினாங்கு
9.11.1997

அன்பு மகள் அருந்ததிக்கு,

அப்பா எழுதுகிறேன். இருமல் விட்டபாடில்லை என்றாலும் நானும் அம்மாவும் எழுந்து நடமாடுகிறோம், நீயும் மருமகனும் மெல்பர்னில் குறையொன்றும் இல்லாமல் இருக்கத் தண்ணீர்மலை முருகனை வேண்டுகிறோம். போன வாரம் தொலைபேசியில் நீ கேட்டதற்கு முடியாது என்று சொல்லி, பேச்சு முடியுமுன்பே வைத்துவிட்டேன். உனக்குக் கோபம் இருக்கும். அதற்குப் பதில் எழுதத்தான் உட்கார்ந்தேன், ஆனால் முதலில் வீட்டுச் சேதி. உன் சித்தப்பா விநாசித்தம்பியின் மகள் கல்யாணப் படங்கள் வந்துவிட்டன, மாப்பிள்ளை பெண் எல்லாருமே தேத்தண்ணீரில் நனைத்தெடுத்த மாதிரி பழுப்பாக இருக்கிறார்கள். சித்தப்பா படம் பிடித்தவனைத் திட்டிக்கொண்டிருக்கிறார். கல்யாணத்தன்று மண்டபத்துக்குள்ளேயே கடல் தாண்டி வந்த காட்டுத்தீப் புகை நின்றதைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை, அரசாங்கக் கான்டிராக்ட் எடுக்கிறவர் அல்லவா. அம்மாவை டாக்டரிடம் காட்டினேன், நெஞ்சுப் படத்தில் பயப்பட ஒன்றுமில்லை என்றார். மழை இறங்கிய பிறகு புகை போய்விட்டது. எங்கள் வானிலை நிலையத்து மொட்டைமாடியில் நின்றால் கடலுக்கு அப்பால் கெடா மலை துல்லியமாகத் தெரிகிறது. அது தெரியத் தெரிய எனக்கு நித்திரை குறைகிறது.

முப்பது வருடமாக நான் வீட்டில் தனியாக எழுதி வைத்திருக்கும் கொப்பிகளை உன் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பச் சொன்னாய். இரவுச் சூட்டுக் கணக்கும், இந்த வருடத்துப் புகை நாட்களில் நான் உண்மையாகக் கண்ட தூரங்களும் அவற்றில் இருக்கின்றன. வெளியாரிடம் புகையைப் பற்றியோ சூட்டைப் பற்றியோ வாய் திறக்கக்கூடாது என்று எங்கள் இலாகாவில் சுற்றறிக்கை வந்திருக்கிறது, மீறினால் ஒழுங்கு நடவடிக்கை. எனக்கு ஐம்பத்தைந்து முடிந்து ஓய்வு பெற ஏழு மாதம்தான் பாக்கி. இப்போது மாட்டினால் பென்ஷன் போய்விடும். அதனால்தான் முடியாது என்றேன். அது பொய்யில்லை, ஆனால் முழுக் காரணமும் அதுவல்ல.

1991இல் ஒரு கருத்தரங்குக்கு நான் கட்டுரை தயாரித்தது உனக்கு நினைவிருக்கலாம், தட்டச்சுப் பிழை பார்த்தவள் நீதான். இந்தத் தீவில் இரவுகள் வருடத்துக்கு வருடம் சூடேறி வருகின்றன என்பதைத் தவிர அதில் ஒன்றும் இல்லை. சந்திரசேகரன் அதை மேலே அனுப்பவே இல்லை. என்னிடம் வேலை பழகியவன், எனக்கு வரவேண்டிய நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறவன். இதெல்லாம் நம் நாட்டு மரமும் செம்பனையும் விற்கக்கூடாது என்று வெள்ளைக்காரன் கட்டிவிடுகிற கதை, நீங்களும் அதற்குத் தாளம் போடுகிறீர்களே என்று சிரித்தான். தேத்தண்ணீர் வேளையில் மற்றவர்களும் சிரித்தார்கள், என்னை அன்றிலிருந்து வெள்ளைக்கார அண்ணே என்று கூப்பிட்டார்கள். அதை நான் இன்னும் மறக்கவில்லை, மறக்கப் போவதும் இல்லை. ஆனால் அவர்கள் சிரித்த அன்றே நான் வாயை மூடப் பழகிவிட்டேன் என்பதை இந்தச் செப்டம்பரில்தான் அறிந்தேன்.

எங்கள் வேலையில் பார்வைத் தூரத்தை அளக்கக் கருவி கிடையாது, கண்தான். மாடியில் ஏறி, தூரம் தெரிந்த அடையாளங்களைத் தேட வேண்டும். இராத்திரியில் அவற்றின் விளக்குகளைத் தேடுவோம். மில் புகைபோக்கி ஒரு கிலோமீட்டர், பள்ளிவாசல் கோபுரம் இரண்டு, தண்ணீர்மலைக் கோவில் ஐந்து. எது கடைசியாகத் தெரிகிறதோ அதை நிலையப் புத்தகத்தில் எழுதி, பக்கத்தில் பெயரின் முதலெழுத்துகளைப் போட வேண்டும். செப்டம்பரில் அந்த நாள் விடியுமுன் எடுத்த பார்வையில் எனக்குப் புகைபோக்கி விளக்குக்கு அப்பால் எதுவும் இல்லை. ஒன்று என்று எழுதப் போனேன். சந்திரசேகரன் அந்த வாரம் இரவிலும் நிலையத்திலேயே இருந்தான், பேனாவைப் பார்த்துக்கொண்டே, "அண்ணே, ஒன்னுன்னு போட்டா மேலேர்ந்து போன் வரும் லா. அஞ்சு போடுங்க. கண்ணால பாக்குறதுதானே, யாரு வந்து அளக்கப் போறா?" என்றான். ஐந்து என்று எழுதி க.ஏ. என்று போட்டேன். வீட்டுக்கு வந்து கொப்பியில் ஒன்று என்று குறித்துக்கொண்டால் போயிற்று என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன்.

வீட்டுக்குத் திரும்பும்போது நம் சந்தில் பிச்சைமுத்து பெருக்கிக்கொண்டிருந்தார். நகராட்சியில் ஒரு மண்டோருக்குக் கீழே வேலை, சுங்கை பினாங்கிலிருந்து சைக்கிளில் வருவாரே, உனக்குத் தெரிந்தவர்தான். அவருக்கு ஆஸ்துமா, புகை மோசமான நாளில் வெளியே நிற்க வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கண் இருக்கிறதே, அவருக்கே தெரியாதா என்று நீ கேட்பாய். விடியாத நேரம், வாரக்கணக்காகப் புகைக்குள்ளேயே இருப்பவருக்கு இன்று கூடவா குறைவா என்று சொல்லத் தெரியாது. அதற்குத்தான் தினமும் என்னைக் கேட்பார். அன்றும் கேட்டார். புத்தகத்தில் எழுதியதைத்தான் வெளியே சொல்ல வேண்டும் என்பது எங்கள் பழக்கம், முப்பது வருடப் பழக்கம். ஐந்து கிலோமீட்டர், நேற்றைக்குப் பரவாயில்லை என்று சொல்லிவிட்டேன். அவர் சிரித்து, "அஞ்சுன்னா இன்னைக்கு லீவு கேட்டா மண்டோர் ஏசுவான்" என்று சொல்லிவிட்டுத் துடைப்பத்தை எடுத்தார். மார்க்கெட் பக்கம் பெருக்கும்போது பத்து மணிக்கு விழுந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. புகையால்தான் என்று எந்தத் தாளிலும் இல்லை.

கருமாதிக்குப் போனேன். அவர் மனைவி லெட்சுமி எனக்கு நாற்காலி போட்டு, பக்கத்தில் நின்ற சொந்தக்காரர்களிடம் என்னைக் காட்டி, "இவருதான் அந்த ஐயா. அவரு ரேடியோவ நம்ப மாட்டாரு, ஐயா சொன்னாத்தான் நம்புவாரு" என்றாள். குற்றம் சொல்லவில்லை மகளே, பெருமையாகச் சொன்னாள். நான் அவள் கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு வந்தேன். இப்போது நம் சந்தில் வேறொருவர் பெருக்குகிறார். விடியற்காலையில் அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் யாரோ வாசலில் நின்று என்னைக் கேட்கிற மாதிரி இருக்கிறது, பதில் சொல்ல எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன். சந்திரசேகரனைத் திட்டிப் பார்த்தேன், இலாகாவைத் திட்டிப் பார்த்தேன். சந்தில் பிச்சைமுத்து கேட்டபோது அவன் என் பக்கத்தில் நிற்கவில்லை.

கொப்பிகள் பதினொன்றையும் தனிப் பார்சலில் பதிவுத் தபாலில் நேற்றே போட்டுவிட்டேன். என் பெயரை விட்டு, உள்ளூர்ப் பார்வையாளர் ஒருவர் என்று அச்சிடலாம் என்றாயே, அது வேண்டாம். பெயரில்லாத ஆள் சொன்னதை இல்லை என்பது இவர்களுக்கு எளிது. பொய்க்குப் பக்கத்தில் என் எழுத்து இருக்கிறது, உண்மைக்குப் பக்கத்திலும் இருக்கட்டும். முழுப் பெயரையும் பதவியையும் போடு. அந்த ஒரு நாளுக்கு இரண்டு கணக்கு இருப்பதையும் இரண்டும் என் கையெழுத்து என்பதையும் மறைக்காமல் போடு.

வேளைக்குச் சாப்பிடு. உன் மேலதிகாரிகள் எதையாவது மாற்றி எழுதச் சொன்னால் அன்றைக்கே முடியாது என்று சொல்லிவிடு, மறுநாள் உனக்கு மனம் வராது. முருகன் உங்கள் இருவருக்கும் நல்ல சுகத்தையும் நிம்மதியையும் தரட்டும். ஒன்று மட்டும் மறக்காதே, பென்ஷன் விஷயம் அம்மாவுக்கு இன்னும் தெரியாது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை லெட்சுமி வீட்டுக்குப் போய் நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு, வந்து அம்மாவிடம் சொல்வேன். அதுவரை நீ முந்திக்கொள்ளாதே.

இப்படிக்கு,
உன் அப்பா
கனகசுந்தரம் ஏரம்பமூர்த்தி